இரண்டு மாதமும் ஆறு வருடமும்

சம்பளத்தில் பாதிக்கு மேல் சேர்த்து, 45 வயதுக்குள் வேலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட வேண்டும் என்று நினைக்கும் இளைஞர்கள் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் இப்போது நிறைய இருக்கிறார்கள். டீ குடிக்கக் கீழே இறங்கி வரும் பத்து நிமிடத்திலும் மாதா மாதம் பணம் போட்டுவரும் எஸ்.ஐ.பி. பற்றித்தான் பேச்சு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்கள் இருக்கும் ஐ.டி. துறையில் 45 வயதைத் தாண்டி வேலை போனவருக்கு அதே சம்பளத்தில் இன்னொரு வேலை கிடைப்பது எவ்வளவு கடினம் என்று பக்கத்து இருக்கையிலேயே பார்த்திருக்கிறார்கள். பணம் கையில் இருந்தால் பயம் குறையும். ஆனால் கூடவே ஒரு கேள்வியும் அவர்களை அரிக்கிறது: இப்படியே சேர்த்துக்கொண்டு போனால், வாழ்வது எப்போது?

'இரண்டையும் அளவாகச் செய்யுங்கள்' என்று சொல்லி அனுப்பிவிடலாம். அது கேட்டவருக்கு உதவாது. அளவு எங்கே இருக்கிறது என்பதுதானே அவர் கேட்பது? அதைக் கணக்கே காட்டிக்கொடுக்கும், பொறுமையாகப் போட்டால். டீ சொல்லிவிட்டு உட்காருங்கள், பேசலாம்.

சீக்கிரம் வேலையை விடும் இந்த யோசனை பரவியதற்கு ஒரு புத்தகம் முக்கியக் காரணம். 1992-இல் அமெரிக்காவில் விக்கி ராபினும் ஜோ டொமிங்கஸும் எழுதிய 'யுவர் மணி ஆர் யுவர் லைஃப்'. டொமிங்கஸ் வால் ஸ்ட்ரீட்டில் ஆய்வாளராக இருந்தவர். 31 வயதில் வேலையை விட்டவர். அந்தப் புத்தகம் வாசகரை ஒரு கணக்குப் போடச் சொல்கிறது. சம்பளம் என்பது நம் ஆயுளிலிருந்து மணி மணியாக எடுத்துக் கொடுத்ததற்கு வந்த பணம். அப்படியானால் ஒரு மணிக்கு உண்மையில் எவ்வளவு கிடைக்கிறது?

நம் ஊரில் போட்டுப் பார்ப்போம். கையில் வருவது மாதம் ஒரு லட்சம், அலுவலக நேரம் 200 மணி. மணிக்கு 500 ரூபாய் என்று தோன்றும். தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போய்வரும் நேரம் மாதத்துக்கு 55 மணி, அமெரிக்காக்காரர்கள் விழித்திருக்கும் நேரத்தில் பேசும் இரவு அழைப்புகள் 25 மணி. ஆக 280. போக்குவரத்து, வெளிச்சாப்பாடு, அலுவலகத்துக்கான துணிமணி என்று 8,000 ரூபாயைக் கழித்தால் மிச்சம் 92,000. மணிக்கு 330 ரூபாய்கூட இல்லை. 3,300 ரூபாய்க்கு ஒரு பொருள் வாங்கினால் ஆயுளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கொடுக்கிறோம். வாங்கலாம், வாங்கக் கூடாது என்று அந்தக் கணக்கு சொல்லாது. என்ன விலை என்று மட்டும் சொல்லும்.

டொமிங்கஸ் 1997-இல் புற்றுநோயால் இறந்தார், 58 வயதில். சேர்க்கச் சொல்கிறவர்களும் இப்போதே வாழச் சொல்கிறவர்களும் இதை எடுத்துப் பேசலாம். அறுபதுவரை வேலை பார்த்திருந்தால் அவர் ஓய்வையே கண்டிருக்கமாட்டார். 31-இல் விட்டதால் ஏறக்குறைய 27 வருடம் அவருடையதாக இருந்தது. மறுபக்கம் நின்று பார்த்தால், சேர்க்கும் காலத்தில் தள்ளிப்போட்டவற்றுக்கு எவ்வளவு காலம் மிச்சமிருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. நமக்கும் தெரியாது. ஆயுள் எவ்வளவு என்று தெரியாத நிலையில் போடும் கணக்கு இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

எவ்வளவு சேர்ந்தால் போதும்? 1994-இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர், 1926 முதலான தங்கள் நாட்டுப் பங்கு, கடன்பத்திர விவரங்களை வைத்து ஆராய்ந்தார். சேர்த்த மொத்தத் தொகையில் முதல் வருடம் 4 சதவீதம் எடுத்துக்கொண்டு, பிறகு விலைவாசி ஏறும் அளவுக்கு அதை ஏற்றிக்கொண்டே போனாலும், மிக மோசமான காலத்தில் ஓய்வு பெற்றவருக்குக்கூட 30 வருடம் பணம் தாங்கியது. இதைத் திருப்பிப் போட்டால், வருடச் செலவைப்போல 25 மடங்கு. இப்படிச் சேர்த்துச் சீக்கிரம் ஓய்வு பெறுவதை 'ஃபயர்' என்று சொல்லிப் பேசுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் 25 இங்கிருந்து வந்தது.

நாம் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அது அமெரிக்கச் சந்தையின் வரலாறு. கணக்கு 30 வருடத்துக்குத்தான். 45 வயதில் வேலையை விடும் ஒருவருக்கு இன்னும் 40, 45 வருடம் ஓட வேண்டியிருக்கலாம். அங்கே வயதான பிறகு சோஷியல் செக்யூரிட்டி என்று அரசு ஓய்வூதியம் ஒன்று வரும். இங்கே தனியார் ஊழியரில் பெரும்பாலோருக்கு பி.எப். அலுவலகத்தின் ஓய்வூதியம் 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. அதைப் பணிபுரிந்த வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். இருபது வருடம் வேலை பார்த்தவருக்கு மாதம் ஐயாயிரம்கூடத் தேறாது. அதனால் நான் 33 மடங்கு என்று வைத்துக்கொள்கிறேன். முதல் வருடம் எடுப்பது 3 சதவீதம்.

சேர்த்த பணம் தரும் வருமானத்தையும் அடக்கமாகவே வைக்கிறேன், விலைவாசி போக வருடத்துக்கு 3 சதவீதம். பி.எப். வட்டி 2024-25-க்கு 8.25 சதவீதம், விலைவாசி ஐந்து சதவீதம் ஏறினால் மிச்சம் மூன்று சொச்சம். பங்குச்சந்தைப் பணம் இதைவிட அதிகம் வளரலாம். அதை நம்பி வேலையை விட வேண்டாம். இனி வரும் தொகைகள் எல்லாம் இன்றைய மதிப்பில் உள்ளவை. இருபது வருடம் கழித்து அவை ரூபாயில் இன்னும் பெரிதாகத் தெரியும். வாங்கும் சக்தி இதேதான்.

இப்போது ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 30. கையில் வருவது மாதம் ஒரு லட்சம்; வீட்டுச் செலவு ஐம்பதாயிரம், சேமிப்பு ஐம்பதாயிரம். வருடச் செலவு ஆறு லட்சம். அதற்கு 33 மடங்கு ஏறக்குறைய இரண்டு கோடி. சம்பளம் விலைவாசிக்கு மேல் ஏறவே இல்லை என்றாலும் 23 வருடத்தில் அந்தத் தொகை சேர்ந்துவிடும். அப்போது வயது 53. சம்பளத்தில் 30 சதவீதம் மட்டும் சேமிக்கிறவருக்கு 40 வருடம் ஆகும். 60 சதவீதம் சேமித்தால் 17 வருடம், 70 என்றால் 12. சேமிப்பு கூடும்போது இரண்டு காரியம் ஒரே சமயத்தில் நடக்கிறது: சேரும் தொகையும் பெருகுகிறது, தேவையான தொகையும் சுருங்குகிறது. அதனால்தான் ஒவ்வொரு பத்து சதவீதத்துக்கும் இவ்வளவு வருடம் மிச்சமாகிறது. இளைஞர்களைப் பிடித்து இழுப்பதும் இதுதான்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் ஆரம்பிக்கிறது. இந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் எல்லாச் செலவையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். ஒரு லட்சம் செலவா, ஒரு லட்சம் போயிற்று என்று.

இதே ஆள் இந்த வருடம் அம்மா அப்பாவைக் காசிக்கு அழைத்துப் போகிறார் என்று வையுங்கள். ரயில், விமானம், தங்குமிடம், கங்கைக் கரையில் செய்ய வேண்டிய சடங்குகள், ஊருக்குத் திரும்பியதும் ராமேஸ்வரம் எல்லாம் சேர்த்து ஒரு லட்சம். அந்தப் பணம் 23 வருடம் வளர்ந்திருந்தால் இன்றைய மதிப்பில் இரண்டு லட்சம் ஆகியிருக்கும். கடைசி வருடத்தில் அவருடைய கையிருப்பு, சேமிப்பும் வருமானமும் சேர்ந்து, வருடத்துக்குப் பன்னிரண்டு லட்சம் வளர்ந்துகொண்டிருக்கும். ஆக, காசிப் பயணத்தால் அவர் ஓய்வு தள்ளிப்போவது இரண்டே மாதம்.

அதே ஆள், அதே வருடம், 18,000 ரூபாய் வாடகை வீட்டிலிருந்து 26,000 ரூபாய் வீட்டுக்கு மாறுகிறார். மாதம் எட்டாயிரம் கூடுதல். வருடத்துக்கு இதுவும் கிட்டத்தட்ட ஒரு லட்சம்தான். ஆனால் இது அடுத்த வருடமும் வரும், ஓய்வு பெற்ற பிறகும் வரும். சேமிப்பு வருடத்துக்கு ஒரு லட்சம் குறைகிறது. தேவையான தொகையோ 33 லட்சம் கூடுகிறது. ஓய்வு தள்ளிப்போவது ஆறு வருடம்.

ஒரே ஒரு லட்சம்தான். ஒரு பக்கம் இரண்டு மாதம், இன்னொரு பக்கம் ஆறு வருடம். கடுமையாகச் சேமிக்கிறவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்வதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரே தொகையாகக் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதால் பயணத்தை வெட்டுகிறார்கள். மாதா மாதம் சத்தமில்லாமல் போவதால் வாடகை போன்றவற்றைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து, முடிவுத் தேதி உள்ள செலவுகள். இவைதான் என் மனதுக்கு மிக நெருக்கமானவை. அந்த இளைஞர் அடுத்த பத்து வருடம், வருடா வருடம் ஒரு லட்சம் ஒதுக்கிப் பெற்றோரோடும் பிள்ளையோடும் எங்காவது போகிறார். பத்து வருடத்தில் நிறுத்திவிடுகிறார். மொத்தம் பத்து லட்சம். வளர்ச்சியையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவர் ஓய்வு ஒன்றரை வருடம் தள்ளிப்போகும். 53-க்குப் பதில் ஐம்பத்து நாலரை. அந்த ஒன்றரை வருடத்துக்கு வாங்கியது என்ன? அப்பாவின் 62-லிருந்து 72 வரையிலான வருடங்கள். மகளின் மூன்றிலிருந்து பதின்மூன்று வரையிலான வருடங்கள். பழனிக்கு எழுபது வயதுக்குப் பிறகும் போகலாம். விஞ்ச் இருக்கிறது, ரோப் கார் இருக்கிறது. கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரியில் ஏழு மலையையும் காலால்தான் ஏறி இறங்க வேண்டும். மகனோடு சேர்ந்து ஏற வேண்டும் என்று ஒரு தகப்பன் ஆசைப்பட்டால் அந்த ஆசைக்கு ஒரு கெடு உண்டு. அது முழங்காலில் எழுதியிருக்கிறது. மகன் 53 வயதில் ஓய்வு பெற்று வந்து 'இப்போது போகலாம் அப்பா' என்றால் அப்பாவுக்கு 85.

"அப்படியென்றால் டீயை விட்டுவிட வேண்டுமா சார்?" என்று கேட்பீர்கள். டீ மாதா மாதம் வரும் செலவுதானே? போட்டே பார்ப்போம். பதினைந்து ரூபாய் டீ, ஒரு நாளைக்கு இரண்டு. வருடத்துக்குப் பதினோராயிரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆயுள் முழுக்க ஓடும் செலவு என்பதால் ஓய்வு ஏழு மாதம் தள்ளிப்போகிறது. காசிப் பயணத்தைவிட டீ விலை அதிகம்! எனக்கே முதலில் நம்பிக்கை வரவில்லை. திரும்பப் போட்டாலும் அதே விடைதான். ஆனாலும் டீயை விடச் சொல்லமாட்டேன். கூட வேலை பார்க்கிறவரின் வீட்டுக் கஷ்டமும் நல்ல சேதியும் காதில் விழும் இடம் அந்தக் கடைதான். இருபது வருடம் தினம் இரண்டு வேளை அப்படி ஒரு பேச்சுக்கு ஏழு மாதம் கேட்டால் மனமாரக் கொடுப்பேன். விலை தெரிந்து கொடுக்கிறேன், அவ்வளவே.

கார் விஷயத்தில் அப்படிச் சொல்லத் தயங்குவேன். தவணை, பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் சேர்ந்து மாதம் இருபதாயிரம். ஒன்று பழசானதும் அடுத்தது என்று வாழ்நாள் முழுக்க. நம் ஆளின் 23 வருடம் 40 ஆகிவிடும். வயதான பெற்றோரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகக் கார் வேண்டும் என்பார்கள். மாதத்துக்கு நாலைந்து முறை வாடகைக் கார் வைத்துக்கொண்டாலே போதும். தினமும் தேவைப்படும் குடும்பங்களும் உண்டு; அவர்கள் பதினேழு வருடத்தின் பேரில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்து போடட்டும்.

சம்பள உயர்விலும் இதே சங்கதிதான். ஐந்து வருடம் கழித்து நம் ஆளுக்கு, விலைவாசி போக, மாதம் முப்பதாயிரம் கூடுகிறது. முழுவதையும் சேமித்தால் 23 வருடம் 18 ஆகச் சுருங்கும். பாதியைச் செலவோடு சேர்த்துக்கொண்டால்? 'பாதி சேமிக்கிறேனே' என்று திருப்தியாக இருக்கும். கணக்கோ 24 வருடம் என்கிறது. உயர்வே வராமல் இருந்திருந்தால் ஆகும் காலத்தைவிட ஒரு வருடம் அதிகம்! உயர்வு வந்த முதல் மாதத்துப் பணத்தில் வீட்டில் எல்லோருக்கும் துணி எடுங்கள், விருந்து வையுங்கள், ஊருக்குப் போய் வாருங்கள். மாதச் செலவின் மட்டத்தை மட்டும் அவசரப்பட்டு ஏற்றாதீர்கள்.

கல்யாணச் செலவு பற்றி ஒரு வார்த்தை. ஒரு தடவைதான் என்றாலும் தொகை பெரிது. 30 வயதில் பதினைந்து லட்சம் என்றால் இரண்டரை வருடம். வட்டிக்குக் கடன் வாங்கிச் செய்தால் இன்னும் நீளும்.

இனி எதிர்ப்பக்கம். சம்பளத்தில் 70 சதவீதம் சேமித்து, முப்பதாயிரத்தில் குடும்பம் நடத்தி, பன்னிரண்டே வருடத்தில் 42 வயதில் வெளியே வருகிறார் ஒருவர். வாழ்த்த வேண்டியதுதான். ஆனால் அவருடைய தேவையான தொகை முப்பதாயிரத்தை வைத்துப் போட்டது, ஏறக்குறைய ஒரு கோடியே 19 லட்சம். அந்தப் பன்னிரண்டு வருடமும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்ந்தவராக இருந்தால், ஓய்வுக்குப் பிறகும் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க அவரால் முடியாது. நேரம் கையில் வந்ததும் செலவும் வரும். மாதம் ஐம்பதாயிரம் எடுக்க ஆரம்பித்தால் அது கையிருப்பில் 5 சதவீதம். முப்பது வருடத்தில், எழுபத்திரண்டாவது வயதில், பணம் தீர்ந்துபோகும். திரும்ப வேலை தேட முடியாத வயது அது. வறண்ட வாழ்க்கையை வைத்து அளந்த எல்லைக்கோடு பொய்யான கோடு. முப்பதாயிரத்தில் உண்மையிலேயே நிறைவாக வாழும் குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை. இன்றைக்கு நீங்கள் வாழும் வாழ்க்கையை இன்னும் நாற்பது வருடம் இப்படியே வாழச் சொன்னால் சம்மதமா? சம்மதம் என்றால் உங்கள் செலவுக் கணக்கு சரி. இல்லையென்றால் முதலில் அதைத் திருத்துங்கள். வருடங்கள் கூடினால் கூடட்டும்.

வேலை, ஓய்வு என்ற இரண்டுக்கும் நடுவில் இன்னொரு வாசலும் இருக்கிறது. நம் ஆளுக்கு 48 வயது ஆகும்போது கையில் ஒரு கோடியே 40 லட்சம் சேர்ந்திருக்கும். அதன்மேல் ஒரு ரூபாய்கூடப் போடாமல் விட்டாலும், 60 வயதில் அது தானாகவே அந்த இரண்டு கோடியைத் தொட்டுவிடும். அதாவது 48-க்குப் பிறகு அவர் வீட்டுச் செலவுக்கு மட்டும் சம்பாதித்தால் போதும். பாதிச் சம்பளத்தில் சொந்த ஊர்ப் பக்கம் ஒரு வேலை, கல்லூரியில் பாடம் எடுப்பது, வாரத்துக்கு மூன்று நாள் கணக்கு எழுதித் தருவது என்று எதுவானாலும் சரி. இரவு அழைப்பு வேண்டாம் என்று சொல்லும் தைரியம் 53-இல் அல்ல, 48-லேயே வந்துவிடுகிறது. பலர் வேலையையே வெறுக்கவில்லை, அந்த வேலையின் பிடியைத்தான் வெறுக்கிறார்கள் என்பது என் எண்ணம். அவர்களுக்கு இந்த வாசல் போதும்.

வேலையை விடும் முன் கவனிக்க வேண்டியவை இரண்டு. கம்பெனி தரும் மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். அப்பா அம்மாவுக்கும் அதுவே நிழலாக இருந்திருக்கும். சொந்தமாக ஒரு பாலிசியை உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருடம்வரை இருக்கலாம். இரண்டாவது சந்தை. சென்செக்ஸ் 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்டது. அந்த அக்டோபரில் 8,000-க்குக் கீழே வந்தது. எல்லாவற்றையும் பங்கில் வைத்துவிட்டு அந்த ஜனவரியில் வேலையை விட்டவர், விழுந்த விலைக்கு விற்றுத்தான் அரிசி வாங்கியிருக்க வேண்டும். இரண்டு மூன்று வருடச் செலவையாவது பேங்க் டெபாசிட்டில் வைத்துவிட்டு வெளியே வாருங்கள்.

கடைசியாக, இந்தக் கணக்கைத் தனியாகப் போடாதீர்கள். நிறைய வீடுகளில் ஒருவர்தான் எக்செல் தாளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறார். மற்றவருக்கு மாதக் கடைசியில் 'இந்த மாதம் இது வேண்டாம்' என்ற சேதி மட்டும் வருகிறது. கணவனும் மனைவியும் ஆளுக்கொரு தாள் எடுத்து, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் எழுதுங்கள். ஒரு பக்கம் மாதா மாதம் ஓடும் செலவுகள். இன்னொரு பக்கம் முடிவுத் தேதி உள்ள ஆசைகள், அதை இன்னும் எத்தனை வருடத்துக்குள் செய்ய முடியும் என்பதோடு. பிறகு இரண்டு தாள்களையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். அம்மாவின் காசிக்கு இவர் பத்து வருடம் என்று போட்டிருப்பார், அவர் மூன்று என்று போட்டிருப்பார். குறைந்த எண்ணை எடுத்துக்கொண்டு, அதற்கான பணத்தை ஓய்வுக்கான கணக்கில் கலக்காமல் தனியாக ஒரு ஆர்.டி. போட்டு வையுங்கள். மாதச் செலவுப் பக்கத்தைச் சம்பள உயர்வுக் கடிதம் வரும் மாதத்தில் மட்டும் திறந்தால் போதும்.